இரண்டு இரவுக்கு ஓர் அறை

மாநாட்டில் நான் பேசப்போவது பத்து நிமிடம். அதற்காகத்தான் போகிறேன் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் நான் போவது தூங்குவதற்கு.

எனக்கு மருந்தகத்தில் வேலை. ஒரே மாதிரிப் பெட்டியில் வரும் இரண்டு வேறு மருந்துகள் ஒன்றுக்கொன்று மாறிப் போய்விடாமல் இருக்க, அலமாரியை எப்படி மாற்றி அடுக்கினோம் என்பதுதான் என் பேச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் எழுப்புவதற்கு முதலில் தூங்க வேண்டுமே. மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதிலிருந்து எங்கள் வீட்டில் இராத்திரியும் எனக்குப் பகல்தான். தண்ணீர் வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும், மணி என்ன என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் "அம்மாடி" என்று ஒரு குரல். அவர் பெற்ற பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், என் பக்கத்திலேயே படுத்திருப்பார். அவருக்கு மட்டும் அந்தக் குரல் கேட்காது. கேட்காத காதுக்கு எங்கே மருந்து வாங்குவது என்று மருந்தகத்தில் இருக்கும் எனக்கே தெரியவில்லை.

அதனால் மாநாட்டு அரங்குக்குப் பின்தெருவில் ஒரு சின்ன விடுதியைத் தேடிப் பிடித்தேன். கணினியில் அறையின் படம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு வெள்ளை விரிப்பு, ஒரு நாற்காலி, உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் புடவைக்கடைப் படங்களைப் பார்ப்பார்கள், நான் அந்தக் கட்டிலைப் பார்ப்பேன். கணக்குப் பிரிவில் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரூல்ஸ்'. இரண்டு பேருக்கு ஓர் அறைதான் விதி என்று முதலில் முறுக்கிக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போவதே நான் ஒருத்திதான், இன்னொருவரை எங்கே போய்ப் பிடித்து வருவது என்று கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவர் செய்யும் நல்ல காரியங்களுக்கு நான் எப்போதும் பயப்படுவேன். அந்த ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு அவராகவே போன் போட்டு, நான் வருகிற விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மருந்து ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன்.

"ஏன்டி, நான் உயிரோடதானே இருக்கேன்? என் ஊருக்கு வந்துட்டு வாடகை ரூம்ல தங்குவியா?"

"காலையில சீக்கிரமே ஆரம்பிச்சிடுவாங்கக்கா. உன் வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறணும்."

"அத்தான் வண்டியில கொண்டுவந்து விடுவாரு. அதைவிட அவருக்கு என்ன வேலை?"

விடுவார்தான். அத்தான் விருந்தாளி என்றால் தாங்கு தாங்கு என்று தாங்குவார். வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொள்வார், பக்கத்தில் நின்று பரிமாறுவார், வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். "அத்தானைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று என் வீட்டுக்காரரை எத்தனையோ முறை குத்திக் காட்டியிருக்கிறேன். ஆனால் அக்கா வீட்டில் எனக்கு ஹாலில்தான் படுக்கை. அக்கா பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பல் விழுந்த கதையிலிருந்து ஆரம்பிப்பாள். அங்கே எனக்கு அன்பு கிடைக்கும், தூக்கம் கிடைக்காது. அன்பு எனக்கு அப்போது தேவைப்படவில்லை.

"ஆஸ்பத்திரியே ரூம் போட்டுருச்சுக்கா. அங்கதான் தங்கணும்னு உத்தரவு," என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அதோடு விட்டிருந்தால் அவள் என் அக்கா இல்லை. அடுத்த நாளும் கூப்பிட்டாள்.

"ரெண்டு ராத்திரியில ஒண்ணு எனக்குக் குடேன்."

"முடியாதுக்கா."

"சரி, தங்க வேணாம். சாயங்காலம் வந்துடு. சாப்பிட்டுப் பேசிக்கிட்டு இரு. அவரு தூங்கினதுக்கப்புறம் போ."

அவர் தூங்கிய பிறகு ஒரு பொம்பளை தனியாக எந்த வண்டி பிடித்து விடுதிக்குப் போவது? அந்தக் கேள்வி என் மண்டையில் உறைப்பதற்குள் கோபம் முந்திக்கொண்டது. வாரக்கணக்கில் தூங்காத கோபம், பாவம் அவள் தலையில் போய் இறங்கியது.

"எல்லாருக்கும் நான் வேணும்! இங்க மாமாவுக்கு ராத்திரி பூரா நான் வேணும், அங்க உன் கௌரவத்துக்கு நான் வேணுமா? எனக்குத் தூங்கணும்க்கா. கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டே ரெண்டு ராத்திரி தூங்கணும். அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கௌரவமாவது மண்ணாவது," என்றாள் மெதுவாக. "வெளியாள் யாராவது வீட்டுல இருந்தா அவரு சத்தம் போடமாட்டாரு. நீ வந்தா ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாமேன்னு பாத்தேன்."

"சத்தம்னா?"

"சத்தம்தான்," என்றாள். "சத்தத்தோட விடுற நாளும் உண்டு. விடாத நாளும் உண்டு. சரி, அதை விடு. உனக்கும் முடியலைல்ல. நீ தூங்குடி."

வைத்துவிட்டாள். பெட்டிகளுக்கு நடுவே நின்றேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. என் இரண்டு ராத்திரியும் போச்சு என்ற எரிச்சல்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. நாங்கள் கிளம்பும்போதெல்லாம் அக்கா பையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்பாள். அவளுக்குப் பாசம் ஜாஸ்தி என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வருவோம். அத்தான் பக்கத்திலேயே நின்று கையசைப்பார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நானே கூப்பிட்டேன்.

"அக்கா, நீ அந்த ரூமுக்கு வந்துடு. ரெண்டு பேரும் அங்க இருப்போம்."

"வந்து?"

"ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்ல?"

"மூணாம் நாளு?" என்றாள்.

அப்புறம் பேசறேன் என்று போனை வைத்துவிட்டேன். வெளியே மருந்துச் சீட்டோடு வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியை யாரோ நாணயத்தால் தட்டினார்கள். போய் மருந்து கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு முறை படித்துப் பார்த்துக் கொடுத்தேன், அன்றைக்கு எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் ரூல்ஸ் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அந்த ரூம் வேணாம் சார். கேன்சல் பண்ணிடுங்க. ரெண்டு ராத்திரியும் அக்கா வீட்டுல தங்கிக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ரூமுக்கா மேடம் என்கூட அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"ஆமா."

"டிக்கெட்டாவது அப்படியே இருக்கட்டுமா?"

"போறதுக்கு ஒரு சீட்டு. அது அப்படியே இருக்கட்டும். திரும்பி வர்றதுக்கு ரெண்டு போடுங்க. ரெண்டாவதுக்கு நான் கட்டிடறேன்."

"கூட யாரு வர்றாங்க?"

"எங்க அக்கா."

அவர் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது. "கண்டிப்பா வர்றாங்களா? கடைசி நேரத்துல மாத்தினா ஒரு பைசா திரும்பி வராது. ரூல்ஸ் அப்படி."

அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. போனில் கேட்டால் மாட்டேன் என்பாள், வெளியூரில் வேலையிலிருக்கும் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், ஊர் என்ன சொல்லும் என்று அடுக்குவாள். இரண்டு ராத்திரி அந்த ஹாலில் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு அறையில் இன்னொரு படுக்கையை எங்கே விரிப்பது, எத்தனை நாளைக்கு விரிப்பது, எதுவும் தெரியாது. அத்தான் வாசலில் நின்று என்ன செய்வார் என்பதும் தெரியாது. அதையெல்லாம் யோசிக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

"வருவாங்க, போடுங்க," என்றேன். "பக்கத்துப் பக்கத்து சீட்டா பாத்துப் போடுங்க சார். வழியில ரெண்டு பேரும் தூங்கணும்."