தம்பி சைஸ்

கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டிருந்தான் தம்பி.

"போதும்டா. விட்டா என்னை நிக்க வெச்சிருவ போலிருக்கே" என்றாள் அக்கா. குரல் பஞ்சாக வந்தது.

அவன் அரைச் சுற்று இறக்கினான். அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் சுவரைத் துளைக்கும் மெஷின் அலற ஆரம்பித்தது. மேசைமேல் இருந்த மாத்திரைப் பட்டை அந்த அதிர்வில் மெல்ல நகர்ந்தது.

தலை நரைத்து, பேரனும் எடுத்துவிட்ட ஆள்தான் அவன். ஆனாலும் அக்காவுக்குத் தம்பி. அதனால் அவள் வீட்டுக்கு வருகிற போகிறவர்கள், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்குமே தம்பி. சொந்தப் பேரை யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பான்.

காலையில் டாக்டர் அவனையும் அக்கா புருஷனையும் கதவுக்கு வெளியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். இதயம் தளர்ந்துவிட்டது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டே இருக்கிறது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். இன்று தாண்டினால் பெரிது. மாமா ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். இந்தப் பாதை மூடியிருக்கிறது என்று சொல்லக் கேட்டவர்போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது மெஷின் சத்தம் அவரைக் கிளப்பிவிட்டது.

"உயிர் போற இடத்துல இப்படியா துளை போடுவாங்க? போய் நிறுத்தச் சொல்லு மாப்பிள்ளை" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா காதில் விழாததுபோல மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நிறுத்தவெல்லாம் சொல்லாதடா. என்ன லைன் இழுக்கிறாங்கன்னு பாத்துட்டு வா" என்றாள்.

கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆஸ்பத்திரியின் இந்தப் பகுதியைக் கட்டியபோது மின்சார வேலை எடுத்திருந்த கம்பெனியில்தான் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அவள் ஆபீசில் வயரிங் படம் போடுகிறவள். அவன் சாரத்தில் ஏறி வயர் இழுக்கிறவன். எந்த அறைக்கு எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன், அதற்கான வயர்கள் எந்த வழியாகப் போகின்றன, அத்தனையும் உள்ளே அடங்க பைப் எவ்வளவு பருமன் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் குறிப்பது அவள் வேலை. பைப் ஒல்லியானால் வயர் நுழையாது. மல்லுக்கட்டி நுழைத்துவிட்டாலும் உள்ளே மூச்சுமுட்டிச் சூடேறும். தடியானால் முதலாளிக்குச் சூடேறும்.

பைப்புக்குள் வயர் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும், மிச்சம் காற்று இருக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அக்காவின் படத்தில் அந்தக் கணக்குக்கும் மேலே ஒரு படி ஏறித்தான் இருக்கும். முதலாளி படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, இது வயர் போகவா, யானை போகவா?" என்று கேட்டிருக்கிறார். "யானைன்னா இன்னும் ஒரு சைஸ் ஏத்தணும் சார்" என்றாளாம் இவள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, நாளைக்கு இன்னொரு வயர் சேர்க்க வேண்டுமென்றால் சுவரையா உடைப்பீர்கள் என்று கேட்பாள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். காரணம் அதுதான் என்று தம்பியும் இத்தனை வருஷமாக நம்பியிருந்தான்.

அவன் வராந்தாவுக்குப் போனபோது மெஷின் நின்றிருந்தது. நிறுத்தியவர் ஃபோர்மேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏணிமேல் இருந்தவனைக் கடிந்துகொண்டிருந்தார்.

"யாருடா உன்னை வெளிச்சுவத்துல துளை போடச் சொன்னது? பழைய பைப்புலயே விடு. இந்தப் பக்கம் பூரா தம்பி சைஸ்டா. தாராளமாப் போகும்."

வார்டுக்குப் புதிதாக மெஷின்கள் வருகின்றன, அதற்குத் தனியாகத் தடிமனான லைன் வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. அக்காவிடம் போய்ச் சொல்ல அது போதும். ஆனால் அவன் கால் நகரவில்லை.

"அது என்னங்க, தம்பி சைஸ்?" என்று கேட்டான்.

ஃபோர்மேன் பேசப் பிடித்தவர். வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முன்காலத்தில் ஒரு கம்பெனியில் ஓர் அம்மா படம் போடுவார்களாம். அந்த அம்மாவின் தம்பி வயர் இழுக்கிற ஆள். ஒரு தடவை ஒல்லிப் பைப்பில் ஏகப்பட்ட வயரைத் திணித்து, வளைவில் சிக்கிக்கொள்ள, அவன் மூச்சைப் பிடித்து இழுத்திருக்கிறான். வயரைக் கட்டியிருந்த கட்டு பிடுங்கிக்கொண்டு மல்லாக்க விழுந்து தோள் உடைந்துபோனதாம். அதிலிருந்து அந்த அம்மா எந்தப் படம் போட்டாலும் கணக்குக்கு வருகிற பைப்புக்கு அடுத்த பைப்பைத்தான் குறிப்பார்களாம். எந்த லைனைத் தம்பி இழுக்கப் போகிறானோ யாருக்குத் தெரியும்? அதனால் எல்லா லைனிலும்.

"ஸ்டோர்ல இருந்தவங்க வெச்ச பேருங்க. அங்க வேலை செஞ்சவங்க நாலு பக்கம் பிரிஞ்சு போனாங்க, பேரும் கூடவே போச்சு. எனக்கே என் மேஸ்திரி சொல்லித்தான் தெரியும்."

"அந்தத் தம்பி என்ன ஆனாரு?"

"அவரு அப்பவே போய்ச் சேந்துட்டாருன்னு சொல்வாங்க. பாவம்."

தம்பி தலையை ஆட்டினான். வேறு என்ன செய்ய?

விழுந்த நாள் அவனுக்கு மறக்கவில்லை. அன்றைக்கு அக்கா அந்த ஆபீசில் பெரியவர்கள் போட்ட படத்தைப் பிரதி எடுக்கிற வேலைதான் பார்த்தாள். அவனுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்த நாட்களில் சோறு ஊட்டிவிட்டதும் அவள்தான். ஊட்டும்போது, "அந்தப் பைப்பு என்ன சைஸ்டா? உள்ள எத்தனை வயர்? எத்தனை வளைவு?" என்று துருவித் துருவிக் கேட்டாள். சும்மா பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்து அவனும் வாய் நிறையச் சோற்றோடு பதில் சொன்னான். அவன் வேலைக்குத் திரும்பியபோது அவள் கணக்குப் போடுகிற மேசைக்கு மாறியிருந்தாள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

தோள் பழையபடி ஆகவில்லை. கை ஓர் அளவுக்குமேல் எழும்பாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவன் இழுத்து ஒரு லைன்கூடச் சிக்கியதில்லை. கைராசிக்காரன் என்று பேர் வாங்கினான். மற்றவர்கள் இழுத்துவிட்டு வேர்த்து நிற்கும்போது, இவன் பீடி பற்றவைக்கிற நேரத்தில் இழுத்து முடித்துவிடுவான் என்பார்கள். அதைக் கேட்டுக் கொஞ்சம் தலைகூடக் கனத்திருக்கிறது.

"நான் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றான்.

ஃபோர்மேன் அவன் நரையைப் பார்த்தார். "பழக்கம் உண்டா?"

"கொஞ்சம்."

அந்தக் கோடியில், வயரை இழுத்துவரும் ஸ்பிரிங் கம்பியை உள்ளே தள்ளினார்கள். அது பைப்புக்குள் உரசிக்கொண்டு வருகிற சத்தம் தலைக்கு மேலே நகர்ந்து நகர்ந்து வந்து, இந்தக் கோடியில் எட்டிப்பார்த்தது. அதில் வயரைக் கட்டி, வழுக்கிக்கொண்டு வர பவுடர் தூவி, "இழுங்க சார்" என்று குரல் கொடுத்தார்கள். அவன் இடுப்பளவில் கையை வைத்துக்கொண்டு இழுத்தான். வந்தது. பழைய வயர்களுக்குப் பக்கத்தில் எதையும் இடிக்காமல், வளைவில் ஒரு கணம் தயங்கி, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து நூல் வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. தோள் ஒரு வார்த்தை பேசவில்லை. கைராசி என்று ஊர் சொன்னது எந்தக் கையின் ராசி என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். பவுடர் கண்ணில் பட்டுவிட்டதென்று ஃபோர்மேனிடம் சொன்னான்.

அறைக்குத் திரும்பியபோது அக்கா விழித்துத்தான் இருந்தாள். மூச்சு முன்னைவிட மேலோட்டமாக இருந்தது.

"என்னடா இவ்வளவு நேரம்?"

"புது லைன். பழைய பைப்புலயே விட்டாங்க. நான்தான் இழுத்தேன்."

"நீயா? தோளு?"

"ஒண்ணும் ஆகல. வலிக்கவே இல்ல." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "அக்கா, தம்பி சைஸ்னா என்னக்கா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

"ஸ்டோர்காரன் வெச்ச பேருடா அது" என்றாள் அக்கா.

"அப்ப உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல?"

"பேரு அவன் வெச்சது." மூச்சு வாங்கினாள். "சைஸ் நான் வெச்சது."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ ரோஷப்பட்டுச் சின்னப் பைப்பாத் தேடிப் போயிருப்ப."

உண்மைதான். போயிருப்பான்.

"இன்னொண்ணு கேளு. அந்தத் தம்பி செத்துப்போயிட்டாராம்" என்றான்.

அக்கா சிரித்தாள். தோள் குலுங்கிய சிரிப்பு இருமலாக மாறி, மாமா எழுந்து முதுகைத் தாங்கிக்கொண்டார். இருமல் அடங்கியும் சிரிப்பு கண்ணில் மிச்சமிருந்தது. "நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? பாவம், நல்ல மனுஷன்னேன்."

அவளுக்குச் சொல்லவேண்டியது ஒன்று அவன் தொண்டை வரைக்கும் வந்தது. நன்றி என்பது அவர்கள் வீட்டில் புழங்காத வார்த்தை. அது கூட்டம் முடியும்போது மைக்கில் சொல்கிறது. அவன் போர்வைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த அவள் பாதத்தைப் பிடித்துப் பார்த்தான். சில்லிட்டிருந்தது. இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சாதாரண நாளாக இருந்தால், காலையெல்லாம் எதுக்குடா பிடிக்கிற என்று உதறியிருப்பாள்.

சற்றுநேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டே, "எந்த வழியாப் போச்சு? சொல்லு" என்றாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். மெயின் போர்டு பெட்டியிலிருந்து நேராக மேலே ஏறுகிறது. அங்கே ஒரு வளைவு. அப்புறம் வராந்தா மேற்கூரைக்குள் நீளமாக ஒரு ஓட்டம்.

"நர்ஸ் ரூம் மேலயா?"

"ஆமா. அது முடியிற இடத்துல நீ ஒரு பெட்டி போட்டிருக்க, ஞாபகமிருக்கா? வளைவுக்கு முன்னாடி. அங்க நின்னு ஒரு ஆள் தள்ளிவிட்டான்."

"ம்."

"அதனால அந்த வளைவுல சிரமமில்ல. பக்கத்துல பழைய வயர் எல்லாம் அப்படியே புதுசா இருக்கு. ஒண்ணுகூடக் கருகல. அப்புறம் படிக்கட்டுப் பக்கம் திரும்புது…"

ம் என்ற சத்தம் அதற்கு வரவில்லை. மூச்சு ஒரு தடவை ஆழமாக வந்தது. அடுத்ததற்கு நெடுநேரம் ஆயிற்று. அவன் சொல்லிக்கொண்டே போனான். மாமா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சிறிது நேரத்தில் அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் இழுக்கிற லைனைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் பழக்கமில்லை. படிக்கட்டைத் தாண்டி, கடைசி வளைவு திரும்பி, வார்டுக்குள் இறங்கி, வயர் வெளியே தலைகாட்டுகிற இடம் வரைக்கும் சொல்லி முடித்தான்.

"வந்துருச்சுக்கா" என்றான்.

பிறகு நர்ஸைக் கூப்பிட எழுந்து போனான்.

மற்றதெல்லாம் நடக்கிறபடி நடந்தது. டாக்டர் வந்து பார்த்தார். அக்கா மகளுக்குத் தம்பிதான் ஃபோன் செய்தான். அவள் பஸ்ஸில் பாதி வழியில் இருந்தாள். கடைசியா என்ன பேசினாங்க மாமா என்று கேட்டாள். சிரிச்சாங்கம்மா என்றான். அந்தப் பக்கம் அழுகை சற்று நேரம் நின்று, பிறகு வேறு மாதிரி தொடர்ந்தது. நர்ஸ் அக்காவின் தலைமுடியைச் சீவி, புது விரிப்பால் மூடிவிட்டாள். அது தன் வேலையில் சேராதது என்றாலும் அவள் செய்தாள். மாமா அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தள்ளுவண்டியை வெளியே கொண்டுவந்தார்கள். வராந்தாவில் வேலை இன்னும் முடியவில்லை. மீதி வயர் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது; பெட்டியிலிருந்து தொங்கிய வயர்கள் வழியை மறித்திருந்தன. ஃபோர்மேன் தம்பியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அருகில் வந்து, "யாரு சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா" என்றான் தம்பி.

ஃபோர்மேனின் பார்வை ஒரு முறை தம்பியின் தோள்பக்கம் போய்த் திரும்பியது. பிறகு நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்களின் பக்கம் திரும்பினார்.

"தூக்குங்கடா. நல்லா மேல தூக்குங்க."

ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, வயர்களைச் சேர்த்துப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தினார்கள். ஏணியில் இருந்தவன் ஒரு கையால் ஏணியையும் மறுகையால் வயரையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். வண்டி அதற்குக் கீழே எதிலும் இடிக்காமல் உருண்டு போயிற்று. தம்பி ஒரு பக்கம் கைவைத்தபடி கூடவே நடந்தான்.

கடைசியாக வந்தவர் மாமா. அவருக்கும் மேலே இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும் அவர் தலையை நன்றாகக் குனிந்து கடந்து போனார். அவர் அந்தப் பக்கம் போகும் வரைக்கும் யாரும் கையை இறக்கவில்லை.