தரையை மறந்த கணக்கு

அவள் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் கணக்குப் போடுகிறவள். புதிய விமானத்தை ஓட்டிச் சோதிப்பவர் அவளுடைய அக்கா கணவர். அதனால் அவள் குறை சொல்ல வாயைத் திறந்தாலே, "அத்தானுக்குப் பரிஞ்சு பேச வந்துட்டா" என்று சிரிப்பார்கள்.

அந்த விமானத்தின் இறக்கைக்குப் பின்னால் கீழே மடங்கும் ஃபிளாப்களின் மேல் என்ஜின் காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். காற்று ஃபிளாப்போடு ஒட்டிக் கீழ்நோக்கி வளையும். விமானம் மெதுவாக வந்தாலும் விழாது, குட்டையான ஓடுதளமே போதும். எவ்வளவு மெதுவாக வரலாம் என்று சொன்னது, தலைமைப் பொறியாளர் இளவயதில் உருவாக்கிய சூத்திரம்.

அந்தச் சூத்திரத்தில் விமானம் எப்போதும் நடுவானத்தில்தான் இருந்தது. அவள் தரையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். பீய்ச்சிய காற்று தரையில் மோத, இறங்கும் கடைசி நொடியில் தூக்கும் விசை சரிந்தது.

"காற்றுச் சுரங்கத்துல மாடலை வச்சுச் சோதிச்சப்ப அப்படி வரலையேம்மா," என்றார் தலைமைப் பொறியாளர்.

"அங்க மாடல் நடுவுல தொங்குது சார். தரைக்கிட்ட வச்சுப் பார்க்கவே இல்லையே."

"நாளைக்குப் பறக்கணும், இப்பப் போய்..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குட்டை ஓடுதளத்தில் இறக்கிக் காட்டுவதாக எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

அவள் கேன்டீனில் அத்தானைப் பிடித்து, சூத்திரம் சொன்னதைவிட வேகமாக வந்து இறங்கச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, டீயை வைத்தார்.

"உன் கணக்கு தப்புன்னா என்ன ஆகும்?"

"வேகமா வந்ததுக்கு ஓடுதளம் கொஞ்சம் கூடுதலா வேணும், அவ்வளவுதான்."

"சரின்னா?"

அவள் விரித்த கையைச் சட்டென்று மேசையில் இறக்கிக் காட்டினாள்.

"அப்ப வேகமாவே வர்றேன். ஓட்டுறவன் நான்தானே? உங்கக்கா காதுல மட்டும் போட்டுடாதே, தாயே!"

மறுநாள் அவர் வேகமாகவே வந்தார். அப்படியும் தரைக்குச் சற்று மேலே வந்ததும் விமானம் தொப்பென்று விழுந்தது. ஒரு டயர் வெடித்தது. குறித்த கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. அத்தான் இறங்கி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

மாலையில் விமானக் கருவிகளின் பதிவுகளை விரித்தார்கள். விசை அவள் சொன்னதைவிடவும் அதிகமாகக் குறைந்திருந்தது. தலைமைப் பொறியாளர் அந்தக் கோட்டின் சரிவை விரலால் வரைந்து பார்த்தார்.

"பழைய வேகத்துல வந்திருந்தா..." என்றார். "இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்லையேம்மா."

"எனக்கும் பாதிதான் சார் தோணியிருக்கு."

அவர் தன் நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "மிச்சப் பாதியைச் சேர்ந்தே தேடுவோம். எங்கேருந்து ஆரம்பிச்சே, சொல்லு."