மஞ்சப்பையும் தீமிதியும்

செல்வகுமாரிக்குத் தலை சுற்றியது. சும்மா இல்லை, கரும்புக்குக் களையெடுக்கக் குனிந்து நிமிர்ந்தால் பாகூர் ஏரியே எழுந்து எதிரில் நிற்கிற மாதிரி சுற்றியது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவாள்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. மகள் தீபிகாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள். பேரனும் பிறந்தாயிற்று, கையில் காப்பும் கட்டியாயிற்று. இப்போது போய் மயக்கம் என்றால் வீட்டுக்காரர் சுப்பராயலு குறுக்கே படுத்துவிடுவார். நாத்தனார் பவுனம்மாளோ, 'விரதத்துல ஏதோ கொறை, அதான் ஆத்தா தள்ளுறா' என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள். அந்த வாய்க்கு எந்த ஊரிலும் பூட்டு கிடையாது.

அதனால் யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிக் கிருமாம்பாக்கம் வந்து, அர்ச்சனாவின் மெடிக்கல் வாசலில் நின்றாள்.

"ஏம்மா, தலைசுத்தலுக்கு ஒரு மாத்திரை குடு. நல்லா பவரா குடு."

"எதனால சுத்துதுன்னு தெரியாம தர மாட்டேன்க்கா. இப்ப இன்னா மாத்திரை சாப்பிடறீங்க?"

"பிரஷருக்குத்தான். இதோ பாரு."

மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். வெற்றிலை, பேரனின் ஒற்றைக் காலுறை, கசங்கிய பஸ் டிக்கெட், கடைசியாக மாத்திரைகள் விழுந்தன. வெள்ளை, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது. ரோஸ், மகள் பிரசவத்துக்காகப் பாண்டிச்சேரியில் தங்கியிருந்தபோது ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது.

"ரெண்டையுமா சாப்பிடறீங்க?"

"ஆமா. காலைல வெள்ளை, ராத்திரி ரோஸு."

"ஏன்க்கா?"

"இன்னாம்மா இப்டிக் கேக்கற? நம்ம ஊரு சுகாதார நிலையத்து ஜோஸ்பின் நர்ஸு பாக்கறப்பல்லாம் மாத்திரை போட்டீங்களான்னு கேக்குது. அந்தப் பாண்டிச்சேரி டாக்டரும் உடாம சாப்பிடச் சொன்னாரு. ஒருத்தர் குடுத்தத முழுங்கிட்டு இன்னொருத்தர் குடுத்தத தூக்கிக் கடாசுனா மரியாதையா?"

"ஒருத்தர்கிட்ட இன்னொருத்தரப் பத்திச் சொன்னீங்களா?"

"கோச்சிக்க மாட்டாங்க?"

அர்ச்சனா தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அய்யோ அக்கா, ரெண்டும் ஒரே மருந்து! கம்பெனி வேற, கலரு வேற, அவ்ளோதான்." கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ரொம்ப எறங்கிக் கெடக்கு. இதோட நெருப்புல எறங்கியிருந்தா?"

செல்வகுமாரிக்குப் பேரன் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

அர்ச்சனா எந்த மாத்திரையும் விற்கவில்லை. ஜோஸ்பினுக்குப் போன் போட்டு விவரம் சொல்லி, கையோடு ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தாள். அங்கே டாக்டர் பரிசோதித்துவிட்டு ரோஸை நிறுத்தினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நாலைந்து நாளில் ஏரி அதனிடத்துக்கே போய்விட்டது. திரும்பவும் பிரஷர் பார்த்த டாக்டர், இப்போது சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை. மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாகச் செல்வகுமாரி நெருப்பில் இறங்கினாள். கூட்டத்தில் அர்ச்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வகுமாரியின் கால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. விறுவிறுவென்று கடந்து, நெருப்பின் முடிவில் பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் கால் வைத்ததும் கூட்டம் 'ஆத்தா!' என்று அலறியது. சுப்பராயலு பேரனைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

தீ மிதித்தவள் சொல்வது ஆத்தா வாக்கு என்பது ஊர் நம்பிக்கை. திருநீறு வாங்க முண்டியடித்தவர்களில் முதல் ஆள், வேறு யார், பவுனம்மாளேதான். கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா, எனக்கும் ஒரு மாசமா தலை சுத்துது. மந்திரிச்சும் நிக்கல. ஒரு வாக்கு சொல்லு தாயி."

செல்வகுமாரி நாத்தனார் நெற்றியில் திருநீறு பூசினாள். வேப்பிலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"மாத்திரைப் பைய எடுத்துக்கினு அர்ச்சனா கடைக்குப் போடி!"

சனிக்கிழமை காலையில் அர்ச்சனா ஷட்டரைத் தூக்கினாள். பவுனம்மாள் முன்னால் நிற்க, பஸ் நிறுத்தம் வரைக்கும் மஞ்சப்பைகளாக நின்றன.