மூன்று நீள ஹார்ன்

விட்லாக்கின் மூக்கை ஊரறிய உடைத்தே தீருவது என்ற முடிவோடுதான் டெல்லா குச்செரா அன்று காலை தன் பிக்கப் வண்டியைக் கிளப்பினாள். பின்னால் பொருத்தியிருந்த தீவனப் பெட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தாள். பிற்பாடு, தனக்கு அப்படியொரு எண்ணமே கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். என்ன சொல்லி என்ன, பெட்டி நிறைந்துதான் இருந்தது.

நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பகுதியில் பல்கலைக்கழகம் நடத்தும் மாட்டுப் பண்ணை அது. இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளால் புல்லும் ஓடையும் பாழாகாமலிருக்க என்ன வழி என்று அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. டெல்லா புதிதாக வந்து சேர்ந்தபோது ஓடை இருந்த கோலம் பார்க்கச் சகிக்காது. கோடையில் மாடுகள் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே நின்று, கரையை மிதித்துச் சேறாக்கி, கரையோர வில்லோ மரக்கன்று ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் மொட்டையடித்திருந்தன.

அவள் செய்தது இவ்வளவுதான். மாடுகள் தண்ணீர் குடித்து முடித்ததும் மேட்டு உச்சியில் பிக்கப்பை நிறுத்தி, மூன்று முறை நீளமாக ஹார்ன் அடிப்பாள். ஏறி வருகிற மாட்டுக்கெல்லாம் கேக் கிடைக்கும். விரல் தடிமனில் இருக்கும் தீவனக் கட்டிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கொஞ்சமாகத்தான் போடுவாள், ஆனால் கூப்பிட்டுவிட்டுப் போடாமல் இருந்ததே இல்லை. தின்ற மாடுகள் மேட்டுப் புல்லில் மேயப் போய்விடும், ஓடை பிழைத்துக்கொள்ளும். ஐந்து கோடைகள் இப்படியே போயின. கரை இறுகியது. வில்லோக்கள் ஆளுயரம் எழுந்தன. தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கல் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் துறைத் தலைவர் விட்லாக் காலர்களோடு வந்தார். மாட்டின் கழுத்தில் மாட்டுகிற மின்காலர். கம்பியும் கிடையாது, கம்பமும் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டால் போதும். கோட்டை நெருங்கும் மாட்டின் கழுத்தில் பீப் சத்தம் ஏறிக்கொண்டே போகும். அதையும் மீறினால் ஷாக். காலர் கம்பெனி ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. ஓடைக்கரையில் பாதி நாள் காலர்களுக்கு சிக்னலே கிடைக்காததால், டெல்லா வழக்கம்போல ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தாள். வருஷக் கடைசியில் கட்டுரை வெளிவந்தது. ஓடையைக் காப்பாற்றியது காலர், எழுதியவர் விட்லாக். அடியில் ‘பண்ணைப் பணியாளர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி. அவளும் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள்தான். வசந்தம் வந்ததும் வேலையைப் புதுப்பிக்காமல், கறிவேப்பிலை மாதிரி அவளை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

இன்று பண்ணையில் பார்வையாளர் நாள். சுற்றுவட்டாரத்து மாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மேட்டு உச்சியில், அவள் முன்பு கேக் போடுகிற அதே இடத்தில், சாப்பாட்டுக் கூடாரம் போட்டிருந்தது. புகையில் வெந்த மாட்டிறைச்சி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், வரிசையாகச் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம். டெல்லா பிக்கப்பைக் கூடாரத்தை ஒட்டி நிறுத்தினாள்.

பக்கத்துப் பண்ணை ஆர்வின் பெக்மன் காபிக் கோப்பையோடு வந்தார். எழுபதைத் தாண்டியும் வாய் மட்டும் ஓயாத மனுஷன்.

"என்ன டெல்லா, விருந்துக்கு வந்த மூஞ்சி மாதிரி தெரியலியே?"

"இழவுக்கு வந்திருக்கேன், ஆர்வின். பொணம் யாருன்னு அப்புறம் சொல்றேன்."

"அப்ப சாப்பாடு முடிஞ்சப்புறம் வெச்சுக்கம்மா. செர்ரி பை நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

கீழே சரிவின் நடுவில் கோடு போட்டாயிற்று. கோட்டுக்குக் கீழே மாடுகள், மேலே மனுஷர்கள். சட்டையில் குத்திய மைக்கோடு விட்லாக் பேசினார். ஒன்றிரண்டு மாடுகள் புல்லைத் தேடிக் கொஞ்சம் ஏறின, பீப் கேட்டுத் திரும்பின. கூட்டம் கைதட்டியது. கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண்மணிக்கு வாயெல்லாம் பல்.

"வழக்கமா தாண்டி ஓடிட்ட மாட்டைக் காலர் கொஞ்ச நேரத்துல ஷாக் அடிக்காம விட்டுடும்," என்றார் விட்லாக். "இன்னிக்கு அந்த வசதியை நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க எல்லாம் பாக்கறப்ப ஒண்ணுகூடத் தாண்டக் கூடாதில்ல?"

கூட்டம் சிரித்தது. டெல்லா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். இதற்காகத்தான் வந்திருந்தாள், கை ஹார்ன்மேலேயே இருந்தது. மூன்று முறை அழுத்தினால் போதும், விட்லாக்கின் வேலி எத்தனை பலம் என்று எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஆனால் கீழே பெர்னீஸ் நின்றிருந்தாள். மந்தைக்கு முன்னால் நடக்கும் கிழட்டுச் சிவப்பு மாடு. டெல்லாவின் ஹார்னுக்கு எப்போதும் முதலில் மேடேறி வருபவள் அவள்தான். இன்றும் வருவாள், ஒவ்வொரு அடிக்கும் கழுத்தில் அடி வாங்கிக்கொண்டு வருவாள். டெல்லா கையை எடுத்துவிட்டாள். வண்டியை விட்டு இறங்கி, கதவில் சாய்ந்து நின்றாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் புல் சோதனைப் பாத்திகளைப் பார்க்கப் பின்பக்கச் சரிவில் இறங்கியிருந்தார்கள். விட்லாக் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தாள். விட்லாக் விறுவிறுவென்று பிக்கப் பக்கம் வந்தார்.

"ஓ, டெல்லா. வந்ததுல சந்தோஷம். மனசுல ஒண்ணும் வெச்சுக்கலியே?"

"வெச்சுக்க என்ன இருக்கு, டாக்டர்."

"நல்லது. உன் ஹார்னைக் கொஞ்சம் அடிச்சுக்கவா? இவங்களச் சாப்பிடக் கூப்பிடணும்."

அந்த மணல்மேட்டில் பிக்கப் ஹார்னை விளையாட்டுக்குக்கூட யாரும் தொடுவதில்லை. முன்னால் போகிற கிழவர் எவ்வளவு மெதுவாக வண்டியை உருட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள். ஹார்ன் அடித்தால் தீவனம் வந்துவிட்டது என்று யார் யார் பண்ணை மாடெல்லாமோ வேலியில் வந்து முட்டும். குழந்தைக்கும் தெரிந்த விஷயம். விட்லாக்குக்குத் தெரியாது, மாட்டைப் பற்றி அத்தனை எழுதியவர் ஒருநாளும் மாட்டுக்குத் தீவனம் போட்டதில்லை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெல்லா கதவைத் திறந்துவிட்டாள்.

"தாராளமா அடிங்க, டாக்டர். மூணு தடவை. நல்லா நீளமா."

அடித்தார். முதல் ஹார்னுக்கு ஆர்வின் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டாவதற்கு, "அடப்பாவி மனுஷா," என்றார். மூன்றாவது முடிவதற்குள் கீழே அத்தனை தலைகளும் நிமிர்ந்துவிட்டன.

பெர்னீஸ்தான் முதலில் கிளம்பினாள். கோட்டில் கழுத்துக் காலர் கீச்சென்று கத்தியது. உதறினாள், முன்னங்கால் மடங்கியது, எழுந்து மறுபடி ஏறினாள். அவள் பின்னால் மொத்த மந்தையும். ஷாக் அடிக்க அடிக்க ஏறின, கத்திக்கொண்டே ஏறின. பின்பக்கத்திலிருந்து மனுஷர்களும் முன்பக்கத்திலிருந்து மாடுகளும் ஒரே நேரத்தில் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மேசை சாய்ந்தது. செர்ரி பைகள் குளம்படியில் போயின. கம்பெனிப் பெண்மணி சாலட் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றாள்.

மாட்டுக்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "ஏன் டாக்டர்," என்று ஆர்வின் குரல் கொடுத்தார், "உங்க வேலியை எங்க வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

விட்லாக் முகத்தில் ஈயாடவில்லை. மாடுகள் அவரைச் சீந்தக்கூட இல்லை. பிக்கப்புக்குப் பின்னால் வரிசைகட்டி, தீவனப் பெட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"இதுங்கள இப்படி யாரு பழக்கினது?" நாற்காலி மேலிருந்தே கேட்டாள் கம்பெனிப் பெண்மணி.

"டெல்லா," என்றார் விட்லாக். மைக் அதை மேடு முழுக்கச் சொன்னது.

"முழுப் பேரு சொல்லுங்க டாக்டர்," என்றாள் டெல்லா. "கட்டுரையில இடம் பத்தாமப் போச்சு. மைக்ல நிறைய இடம் இருக்கு."

"டாக்டர் டெல்லா குச்செரா."

"ஓடைக்கரைக்கு மாடு போகாமப் பாத்துக்கிட்டது?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். "டாக்டர் குச்செரா," என்றார்.

தித்திப்பாக இருந்தது. இல்லை என்று யார் சொல்வது? குளிர்காலம் முழுக்க அவள் கனவு கண்ட தித்திப்பு அது. போய்ப் பெட்டியின் நெம்புகோலை இழுத்தாள். கேக் கொட்டியது. மாடுகள் தின்னத் தொடங்கின. நகரும்போதெல்லாம் எங்காவது ஒரு காலர் பீப்பென்றது, ஒரு தோல் துடித்தது.

பெர்னீஸின் காலரைக் கழற்றக் கையை நீட்டினாள். பெர்னீஸ் கழுத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள். ஐந்து வருஷத்தில் அந்த மாடு அவள் கைக்கு மிரண்டதே இல்லை. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல," என்று டெல்லா சொல்லிச் சொல்லி, கொம்புக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக் கழற்றினாள். தோல் அந்த இடத்தில் சூடாக இருந்தது.

காலரை விட்லாக் கையில் திணித்தாள். அவர் வாங்கிக்கொண்டு ஓரடி நகர்ந்தார். பீப் சத்தம் ஏற ஆரம்பித்தது. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா? கை சுட்டமாதிரி கீழே போட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க கீழ போட்டுட்டீங்க, டாக்டர். அதுங்களால முடியல."

விட்லாக் அவள் பக்கம் குனிந்து, பல்லிடுக்கில் பேசினார். மைக்கை மறந்துவிட்டார். "மூணு தடவை அடிக்கச் சொன்னது நீதானே? இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்."

அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்வினும் பார்த்தார்.

"ஆமா," என்றாள் டெல்லா. "நான்தான் சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அதையும் மைக் மேடு முழுக்கச் சொன்னது. டெல்லா அடுத்த மாட்டின் காலரைக் கழற்றக் கையை நீட்டினாள். அதுவும் பின்வாங்கியது.