ஆலங்கட்டி வருஷத்து நன்றிப் பண்டிகை

எங்கள் ஊர் ஜெபவீட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய அறுவடைக் குவியல், ஊரில் முழுசாக ஒரு தக்காளிகூட மிஞ்சாத வருஷத்தில்தான் எழும்பியது. கூரையைத் தொட்டது. நடுவில் தொங்கிய விளக்கைக் கழற்ற வேண்டியதாயிற்று. உச்சியில் ஏறிப் பார்த்தேன். மலைகளைத் தாண்டிச் சீனா தெரிந்தது. அங்கே ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சிரியுங்கள். நாற்பது வருஷம் கூட்டுப்பண்ணையில் அறுவடை இயந்திரம் ஓட்டியவன் நான். குவியலை அளக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அது தொண்ணூற்று மூன்று. சோவியத் போய் இரண்டு வருஷம், ரூபிள் போய் கிர்கிஸ் நாட்டுப் புதுப் பணமான சோம் வந்து நான்கு மாதம். எங்கள் ஜெர்மன் ஜனங்களும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் எங்கள் ஊர் வைடன்டாலில் இருந்து விமான நிலையத்துக்கு ஒரு பேருந்து. அதன் ஜன்னல்களில் முகங்கள், கூரையில் மூட்டைகள். முந்நூறு பேர் பாடிய சபையில் பத்தொன்பது பேர் மிஞ்சினோம். பாடகர் குழுவின் அடிக்குரல் வரிசையில் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறந்தால் பக்கத்து ஊரில் டிராக்டர் வருகிறது என்று நினைத்து மாடுகளை ஓரம் கட்டுவார்கள்.

ஜெபவீடு நின்ற நிலம் பண்ணைக்குச் சொந்தம். பண்ணையின் புதுத் தலைவர் சாத்திபால்டி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரிடம் வெங்காயம் இருந்தது, வெங்காயத்தை வைக்க இடம் இல்லை. கோடையிலேயே வந்து பேசிவிட்டுப் போனார்.

"உங்க சபை உயிரோட இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? வருஷா வருஷம் அறுவடைப் பண்டிகைக்கு என்னைக் கூப்பிடுறீங்க. இந்த வருஷமும் பண்டிகை நடந்தா வீடு உங்களுது. நடக்கலைன்னா வெங்காயத்துக்கு. நடந்துச்சா இல்லையான்னு கிளாசென் பெரியவர் சொல்லட்டும். அவர் சொன்னா நான் நம்புவேன்."

எங்கள் மூப்பர் பெர்ன்ஹார்ட் கிளாசெனை யாரும் நம்புவார்கள். அந்தக் காலத்தில் பைபிள்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று போலீஸ் கேட்டதற்கு, "தெரியும், சொல்ல மாட்டேன்" என்றவர் அவர். "தெரியாது" என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். மூன்று வருஷம் உள்ளே இருந்தார்.

பண்டிகை மேஜை விஷயத்திலும் அதே கண்டிப்புதான். விளைந்ததில் மிகச் சிறந்ததை மட்டுமே பிரசங்க மேடைக்கு முன் அடுக்க வேண்டும். ஒவ்வொரு காயையும் மூப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உருட்டிப் பார்ப்பார். ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். என் தர்பூசணி ஒன்று, மண்ணில் கிடந்த பக்கம் வெளுத்திருந்ததால் ஏழு வருஷம் தொடர்ந்து திரும்பி வந்தது. அதே தர்பூசணி இல்லை, அதன் வாரிசுகள்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி மத்தியானம் ஆலங்கட்டி மழை. வாத்து முட்டை அளவு என்று எங்கள் எதிர்வீட்டு பூருல் சொல்வாள். அவளுக்குக் கற்பனை போதாது. ஒவ்வொன்றும் என் தலையளவு. ஒன்று எங்கள் சேவலின் மண்டையில் விழுந்தது. அதற்குப் பிறகு அது சாயங்காலத்தில்தான் கூவியது. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. சோளம் தரையோடு தரை, முட்டைக்கோசு கூட்டுக்கு நறுக்கியது போல, பூசணி எல்லாம் பிளந்த வாய்.

அடுத்த ஞாயிறு மூப்பர் எழுந்து நின்றார்.

"இந்த வருஷம் பண்டிகை இல்ல. ஆண்டவர் முன்னாடி வைக்க பழுதில்லாத பொருள் ஒண்ணுகூட இல்ல. அடுத்த திங்கக்கிழமை பஸ்ல நானும் கிளம்புறேன். சாவியைத் தலைவர்கிட்ட குடுத்துடலாம்."

அகாதா எழுந்தாள். அறுபத்து நான்கு வயது. இந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்த புருஷனைப் பின்பக்கத்துக் கல்லறையில் வைத்திருக்கிறாள். ஜெர்மனியில் இருந்து மகன் அனுப்பிய காகிதங்களைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள். அவளுக்கு இருந்தது இந்த ஒரு வீடு.

"மூப்பரே, உடைச்சது யாரு?"

"அப்படிப் பேசாத, அகாதா."

"நான் உடைக்கல. கொர்னேலி உடைக்கல." என் பக்கம் கையை நீட்டினாள். "இவன் பாடினா பூசணி வெடிக்கும்தான், ஆனா அன்னிக்கு இவன் வாயே திறக்கல. மேல இருந்து வந்துச்சு. உடைச்சவர் அவரு, உடைஞ்சதையே பாக்கட்டும். அவர் முன்னாடி கொண்டு வந்து வைப்போம்."

"இது நன்றியா, சண்டையா?"

"நன்றிதான். நல்லா விளைஞ்ச வருஷத்துல நன்றி சொல்ல நாம எதுக்கு? தீனி போட்டா கோழியே கொக்கரிக்குது. நன்றின்னா என்ன, நல்லபடியா பாத்துக்கிட்டா மட்டும் மேல குடுக்கிற மாமூலா?"

மூப்பரின் கழுத்து சிவந்தது. "முழுசா ஒண்ணு இல்லாம பண்டிகை நடக்காது. நடந்ததா நான் ஒத்துக்கவும் மாட்டேன்."

"நீங்க ஒத்துக்காதீங்க. நாங்க நடத்துறோம்."

சனிக்கிழமை காலை அகாதா என் கைவண்டியை எடுத்துக்கொண்டாள். இழுக்க என்னையும் எடுத்துக்கொண்டாள். முதல் வீடு பூருல் வீடு.

"பூருல், உடைஞ்சது ஏதாவது இருக்கா?"

"என் புருஷன் இருக்கான், வேணுமா?"

"அவரை நீயே வச்சுக்க. தோட்டத்துல உடைஞ்சது."

பூருல் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "எதுக்கு அக்கா? போன வருஷம் வரைக்கும் உங்க பண்டிகை முடிஞ்சா நீங்கதான் வீடு வீடா வந்து எங்களுக்குக் குடுப்பீங்க. இப்ப எங்ககிட்டயே வாங்கிட்டுப் போறீங்களே!"

"இந்த வருஷம் நன்றி சொல்ல சரக்கு பத்தல. கடன் கேக்கல, கூட வந்து நில்லுன்னு கேக்கிறேன்."

"உடைசலுக்கா பஞ்சம்? ஒரு வண்டி நிறைய இருக்கு, எடுத்துட்டுப் போ."

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. நல்ல வருஷத்தில் மூப்பரின் கண்ணாடியில் தேறுவது வீட்டுக்கு இரண்டு காய். இந்த வருஷம் எதுவும் கழித்துக் கட்டப்படாது! ஊர் முழுக்க உடைசல். நொறுங்காத தோட்டம் ஒன்றுமில்லை. மதியத்துக்குள் எனக்கு முன்னால் செய்தி ஓடியது. ஞாயிறு காலை ஜெர்மன் வீடுகள், கிர்கிஸ் வீடுகள், கடைசித் தெருவின் உக்ரேனியக் கிழவர் வரை, சாக்கிலும் தொட்டியிலும் குழந்தை வண்டியிலும் கொண்டு வந்து கொட்டினார்கள். மேஜை ஐந்து நிமிஷத்தில் மறைந்தது. பிரசங்க மேடை பத்து நிமிஷத்தில். பூசணித் துண்டுகள் கதவு வரை சரிந்தன. கூரை விஷயத்தைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பண்டிகையின் வழக்கம், கொண்டு வந்ததை வைத்துவிட்டு நன்றியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் செல்லாது. மூப்பர் பக்கச் சுவரோரமாக, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்.

தீனா கிழவி வெடித்த பீட்ரூட்டோடு வந்தாள். "எம் பசங்க மூணு பேரும் போயிட்டாங்க. நல்லா இருக்காங்களாம். நன்றி. நான் நல்லா இல்ல. அதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க ஆண்டவரே."

பூருல் தர்பூசணித் துண்டுகளை இறக்கினாள். "உங்க ஜெபம் எனக்குத் தெரியாது. மாடு தப்பிச்சுது. அல்லாவுக்கு நன்றி. இத்தனை வருஷம் என் கதவைத் தட்டினதுக்கு உங்களுக்கும்."

என் முறை வந்தது. என் மேஜை இழுப்பறையிலும் ஜெர்மன் விண்ணப்பம் ஒன்று, பாதி நிரப்பியபடி ஆறு மாதமாகக் கிடந்தது. கைநிறையச் சோளத்தண்டை வைத்துவிட்டு, "போறதா இருக்கிறதான்னு தெரியல. தெரியாம இருக்கிற இந்த நாளுக்கும் நன்றி" என்றேன். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். நான் பொய் கலக்காமல் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

அகாதாவின் பூசணி மூன்று துண்டு. அவள் கண்ணை மூடவில்லை, தலை குனியவில்லை.

"ஆண்டவரே, விதை முளைச்சதுக்கு நன்றி. பூத்ததுக்கு நன்றி. ஆகஸ்ட் முழுக்கப் பாக்க அழகா இருந்துச்சே, அதுக்கும் நன்றி. செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்கு எனக்கு விளக்கம் வேணும். அதை அப்புறம் பேசிக்கலாம். மழையோ பாஸ்போர்ட்டோ வெங்காயமோ, எது வந்து நொறுக்கினாலும் நாங்க வாயை மூட மாட்டோம். ஆமென்."

"ஆமென்" என்று நாங்கள் கத்தியதில் எதிர்த்தெருக் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெளியே ஒரு லாரி நின்றது. வெங்காயம்.

தலைவர் கதவைத் தள்ளினார். பூசணி அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். கடைசியில், கழுத்துப்பட்டி கட்டிய பண்ணைத் தலைவர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தார். முள்ளங்கியில் கால் வைத்து, பூருலின் மடியில் உட்கார்ந்து, எழுந்தார்.

"ஐயோ, என்னது இது!" என்றார் மேலே பார்த்து. பிறகு தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினார். "பெரியவரே, பேசினபடி உங்களைத்தான் கேக்கிறேன். பண்டிகை நடந்துச்சா?"

மூப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குவியலுக்கு வந்தார். ஒரு காயை எடுத்து உருட்டினார், வைத்தார். இன்னொன்று. சுற்றி வந்து குனிந்து அடியில் இருந்ததையும் பார்த்தார்.

"முழுசா ஒண்ணுகூட இல்ல" என்றார்.

லாரிக்காரன் வெளியே பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தீனா என் கையைப் பிடித்தாள். அகாதா கெஞ்சுவாள் என்று பார்த்தேன். அவள் நாடியை நிமிர்த்திக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

மூப்பர் மேலங்கிப் பையில் கைவிட்டார். வெளியே வந்தது பாதி ஆப்பிள். ஆலங்கட்டி அடித்த பக்கம் கறுத்திருந்தது.

"காலையிலேயே எடுத்துட்டு வந்துட்டேன். வைக்க வெக்கமா இருந்துச்சு." அதைக் குவியலின் ஓரத்தில் வைத்தார். வழக்கப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா? தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, ஜனங்க போகப்போக, போனவங்களையே எண்ணிட்டிருந்தேன். மிஞ்சின இந்தப் பத்தொன்பது பேருக்காக ஒரு தடவைகூட நன்றி சொல்லல. இப்ப சொல்றேன்."

"பெரியவரே, அதெல்லாம் சரி" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "எனக்கு ஒரு வார்த்தை வேணும். வெங்காயம் வெயில்ல நிக்குது. நடந்துச்சா, இல்லையா?"

மூப்பர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, உறையில் போட்டார்.

"நடந்துச்சு" என்றார். "நடக்காதுன்னு சொன்னவன் நான்தான். நடந்துச்சு."