மாட்டிய படமும் மாட்டிக்கொண்டவரும்

ஜப்பானில், மத்சுயே ஊரின் ஏரிக்கரைச் சந்தையில் காலை எட்டு மணிக்கே நான் எடுத்த புகைப்படங்களை மாட்டிவிட்டேன். மதியம் ஒரு மணிவரை ஒன்றுகூட விற்கவில்லை. ஏரிக்காற்று படங்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் டோகியே அக்காவின் கணவாய் மீன் உருண்டைக் கடை. எண்ணெய்ப் புகை முழுவதும் என் பக்கம்தான்.

வந்தவர்களும் அப்படித்தான். ஒருவர் படத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்று போய்விட்டார். இன்னொரு அம்மாள் கேட்டாள்: "சட்டம் மட்டும் தருவியா? உள்ள எங்க பூனை படத்தை வச்சுக்கறேன்."

"அக்கா, அடுத்த மாசம் நானும் உருண்டை விக்கப் போறேன்," என்றேன்.

"ஏன், எனக்குப் போட்டியா?" என்று டோகியே அக்கா சிரித்தாள்.

அப்போதுதான் ஒரு அம்மாள் வந்தாள்; பெயர் யசுயோ என்று பிறகு தெரிந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் முள்ளங்கிக் கட்டு. பெரிய படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. விடியற்காலைப் பனியில் ஒரு சிறு படகு. நீண்ட கம்பு பொருத்திய வாரியால் ஏரியின் அடியிலிருந்து மட்டிச் சிப்பிகளை வாரும் ஒரு மனிதர். அன்று கரையிலிருந்து அனுமதி கேட்டேன், கையை உயர்த்திச் சிரித்தார், எடுத்தேன். கீழே 'இவ்வருடம் பிப்ரவரி 9' என்று பெருமையாக எழுதியும் வைத்திருந்தேன்.

"தேதி சரிதானா?" என்றாள்.

"சரிதாம்மா. ஏன்?"

"இது எங்க வீட்டுக்காரர். போன வருஷமே முதுகுல ஆபரேஷன். 'படகைத் தம்பிக்குக் கொடுத்துட்டேன், காலையில சும்மா நடக்கத்தான் போறேன்'னு சொல்லிட்டிருக்கார்."

அவள் போனை எடுத்து, "உடனே சந்தைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பத்தே நிமிடத்தில் அவள் கணவர் கென்சாகு சைக்கிளில் வந்து இறங்கினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா பொண்ணு, இத்தனை பேர் இருக்க ஏரியில நான்தான் கெடைச்சேனா?"

"நீங்கதானே மாமா கையைத் தூக்கினீங்க!"

"போ, போன்னு சொல்லித் தூக்கினேன்!"

"அந்தப் பொண்ணை ஏன் திட்டறீங்க?" என்று யசுயோ பாய்ந்தாள். "மறுபடி முதுகு போச்சுன்னா தூக்கிச் சுமக்கறது யாரு, நானா அவளா?"

கூட்டம் கூடிவிட்டது. காலையிலிருந்து என் கடையை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் உருண்டைத் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் குழம்பைச் சிந்தி என் மேசைத் துணியையும் கறையாக்கினார். பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் படத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க! காசே வேண்டாம்!" என்று கத்தினேன்.

யசுயோவின் முகம் சிவந்தது. "என் புருஷன் என்ன ஓசியா?"

அவள் படத்தைக் கழற்றி, கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"வீட்டுல ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கீங்களா?"

கென்சாகு தலையைச் சொறிந்தார். "வீட்டுல சும்மா உக்காந்தா, செத்துப்போன மாதிரி இருக்கு யசுயோ."

"அதை எங்கிட்டயே சொல்றதுக்கென்ன?"

"நீ விடமாட்டேன்னு தெரியும்."

அவள் முழுவிலையையும் எண்ணி என் கையில் வைத்தாள். "வாரத்துக்கு ரெண்டு நாள். நானும் படகுல வருவேன். வாரியை நான்தான் தூக்குவேன்."

"படகுல ஏறினாலே உனக்குக் குமட்டுமே."

"குமட்டட்டும்."

படத்தைச் சைக்கிள் கூடையில் செருகிக்கொண்டு இருவரும் கரையோரமாக நடந்தார்கள். வாரியைத் தூக்க அவளுக்குத் தெம்பு உண்டா என்ற சண்டை, பாலம் தாண்டும்வரை கேட்டது. கூட்டம் கலைந்தது. அதில் ஒருவராவது என் மற்றப் படங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே? மேசைத் துணியை உருவி, குழாயடிக்குத் துவைக்கப் போனேன்.