மகேஸ்வரிக்கு வந்த கிருமி

மகேஸ்வரியின் வயிற்றில் கிருமி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் சொன்னார், வீடே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. மாமியார் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சினாள். புருஷன் அவளை மல்லிகைத் தோட்டத்துப் பக்கமே வர வேண்டாமென்றான். மூத்த மருமகள் பேச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கும்தான் நெஞ்சைக் கரிக்கிறது. இரண்டு கவளம் உள்ளே போனால் வயிறு உப்பிக்கொள்கிறது. அவளுக்கு இந்த வீடு கொடுத்த பட்டம் சோம்பேறி. நேற்று வந்தவளுக்கு மட்டும் கிருமியாம்!

"அவளுக்குப் பாத்த மாதிரி எனக்கும் வாய்க்குள்ள கொழாய் விட்டுப் பாக்கணும்" என்று புருஷன் சோலைமுத்துவிடம் ஒற்றைக்காலில் நின்றாள். "கிருமின்னு வரட்டும். அப்பவாச்சும் உங்காத்தா வாய மூடுதான்னு பாப்போம்."

அடுத்த வாரம் போகலாம் என்றான். அதுவரை பொறுக்க முடியவில்லை. மகேஸ்வரி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அலமாரியில் இருந்த அவளுடைய நெஞ்சுக்கரிப்பு மாத்திரை அட்டையிலிருந்து தினமும் ஒன்று எடுத்து விழுங்கினாள். கரிப்பு அடங்கியது. இம்புட்டு சுகத்தையும் இவள் ஒருத்தியே அனுபவித்தாளா என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு, இடம் தெரிந்தவள் என்று, அதற்குள் தேறிவிட்ட மகேஸ்வரியும் துணைக்கு வந்தாள். வயிற்றுக்குள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதித்த டாக்டர் சொன்னார்: "கிருமி இல்லம்மா."

சோலைமுத்து திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல என்று மாமியார் சொல்லப்போவது இப்போதே காதில் விழுந்தது.

"இதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா, கிருமி இருந்தாலும் சோதனையில தெரியாது."

ஆமாம் என்றால் பேச்சாயி திருடி என்றாகிவிடும்.

"நாந்தேன் குடுத்தேன் சார்" என்றாள் மகேஸ்வரி. "அக்கா நெஞ்சு கரிக்குதுன்னு துடிச்சுச்சு."

டாக்டர் மகேஸ்வரியைத்தான் திட்டினார். இரண்டு வாரம் எந்த மாத்திரையும் தொடாமல் மறுபடி வரச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலில், குணமானவளுக்குப் பிரியாணியும் பேச்சாயிக்குச் சோறும் மோரும் சொல்லிவிட்டு, சோலைமுத்து கை கழுவப் போனான். மகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"அட்டையில கொறையிறப்பவே தெரியும்க்கா. நான் வேற வாங்கிக்கிட்டேன். இந்த ரெண்டு வாரம் மட்டும் தொடாத, என்ன?"

சிறுக்கி, ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். பேச்சாயி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எதிரே மகேஸ்வரி நல்லியெலும்பை உறிஞ்சி, விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் குஸ்கா கேட்டாள்.